மெல்லிய எஃகுத் தகடும் போல்ட் இணைப்பின் வலிமையும்

தொழிற்சாலைக் கூரைகளைத் தாங்கும் சி, இசட் வடிவப் பர்லின்கள், கிடங்குகளின் அடுக்குச் சட்டங்கள், சூரிய மின்பலகைகளைச் சாய்த்து நிறுத்தும் தாங்கிகள் எல்லாம் பெரும்பாலும் 1 முதல் 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகுத் தகட்டால் ஆனவை. கனமான ஐ-உத்தரங்கள் பழுக்கக் காய்ச்சிய நிலையில் உருட்டப்படுகின்றன. இவையோ சுருளாக வரும் தகட்டைச் சூடாக்காமலேயே உருளைகளுக்கிடையே செலுத்தியோ அச்சில் மடக்கியோ செய்யப்படுகின்றன. அதனால் இவற்றைக் குளிர்முறை எஃகு என்கிறார்கள். இவற்றைக் கட்டுமானத் தளத்தில் பற்றவைப்பது கடினம். சூட்டில் தகடு ஓட்டையாகிவிடும். துருவைத் தடுக்கும் துத்தநாகப் பூச்சும் எரிந்துபோகும். ஆகவே இணைப்பு வேலையில் பெரும்பங்கு போல்ட்டுகளின் தலையில் விழுகிறது.

இத்தகைய இணைப்பின் வலிமையைப் போல்ட்டின் வலிமையைக் கொண்டு மதிப்பிடுவது பட்டறைகளில் பரவலாக உள்ள வழக்கம். கனத்த தகட்டுக்கு அது ஓரளவு பொருந்தும், மெல்லிய தகட்டுக்குப் பொருந்தாது. 8.8 தரமுள்ள 12 மி.மீ. போல்ட் ஒன்று மரைப்பகுதியில் குறுக்கே வெட்டுப்பட ஏறத்தாழ 40 கிலோநியூட்டன், அதாவது சுமார் 4 டன் விசை வேண்டும். அந்த போல்ட் உச்ச இழுவலிமை 410 மெகாபாஸ்கல் கொண்ட 6 மி.மீ. தகட்டின் துளையில் அழுந்துவதாகக் கொள்வோம். இந்தியாவின் ஐஎஸ் 800:2007 தரும் சூத்திரம், பாதுகாப்புக் காரணியைச் சேர்க்காமல், தகட்டின் தாங்குதிறனை 2.5 × விட்டம் × தடிமன் × உச்ச இழுவலிமை என்கிறது. அது ஏறத்தாழ 74 கிலோநியூட்டன். தகடு தாங்கும், போல்ட் அறும். தகட்டை 1.5 மி.மீ. ஆக்கினால் அதே சூத்திரம் 18.5 கிலோநியூட்டனையே தருகிறது. போல்ட்டின் வலிமையில் பாதிகூடப் பயன்படும் முன்னரே துளை நசிந்துவிடும். தார்ப்பாயின் ஓரத்தைக் கட்டிவைத்தால் காற்றில் பிய்ந்து வருவது வளையத்தைச் சுற்றியுள்ள துணிதான், கயிறு அறுவதில்லை. மெல்லிய தகட்டின் நிலையும் அதுவே. தரம் குறைந்த 4.6 போல்ட்டைப் போட்டால் அதன் வெட்டு வலிமை 20 கிலோநியூட்டனுக்கு இறங்கி, தகட்டின் வலிமைக்கு அருகே வந்துவிடும். ஆகவே போல்ட்டின் தரத்தை முற்றிலும் மறந்துவிடவும் முடியாது. ஆனால் 8.8-க்குப் பதிலாக 10.9 போடுவதால் இத்தகைய தகட்டில் கிடைப்பது ஒன்றுமில்லை.

இதை முறையாக ஆராயத் தொடங்கியவர் வியன்னாவில் பிறந்து அமெரிக்காவில் பணிபுரிந்த ஜார்ஜ் விண்டர். அமெரிக்க இரும்பு எஃகு நிறுவனத்தின் ஆதரவில் 1939-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் அவர் தொடங்கிய குளிர்முறை எஃகு ஆய்வுகளின் பயனாக 1946-ல் முதல் வடிவமைப்பு விதிமுறை வெளிவந்தது. போல்ட் இணைப்புகள் குறித்த அவருடைய சோதனை முடிவுகள் 1956-ல் அச்சேறின. இணைப்பு நான்கு வழிகளில் தோற்கலாம் என்று அவர் வகுத்தார். போல்ட்டுக்கு முன்னுள்ள தகட்டுப் பகுதி இரண்டு இணைகோடுகளில் வெட்டுப்பட்டு முனை வழியே வெளியேறலாம். துளை நீண்டு, அதன் முன்னே எஃகு மடிந்து குவியலாம். துளை வழியாகத் தகடு குறுக்கே கிழியலாம். போல்ட்டே அறலாம். இந்தப் பகுப்பு இன்றும் மாறவில்லை. மாறியதெல்லாம், சோதனைக்கூடத்தில் உடைந்து கிடக்கும் ஒரு துண்டு இந்த நான்கில் எதைச் சேர்ந்தது என்ற முடிவுதான். அந்த முடிவு பிழைத்தபோது சூத்திரமும் பிழைத்தது.

முனை வெட்டு நான்கிலும் எளிதாகப் புரிவது. துளைக்கும் தகட்டின் முனைக்கும் இடையே உள்ள தூரம் குறைவாக இருந்தால் இது நேரும். துளை மையத்திலிருந்து முனைவரை குறைந்தது போல்ட் விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. மேலே சொன்ன 1.5 மி.மீ. தகட்டில் 12 மி.மீ. போல்ட்டுக்கு 18 மி.மீ. தூரமும் 13 மி.மீ. துளையும் இருந்தால், துளை விளிம்புக்கும் முனைக்கும் இடையே மிஞ்சுவது 11.5 மி.மீ. இருபுறமும் வெட்டுப்படும் இந்தப் பரப்பின் வலிமை 8.5 கிலோநியூட்டன்தான். முனைத் தூரத்தை இருமடங்காக்கி 36 மி.மீ. வைத்தால் அது 21.8 ஆகிறது. கூடுதலாகச் செலவாவது 18 மி.மீ. தகடு மட்டும், கிடைப்பது இரண்டரை மடங்கு வலிமை. விதி குறைந்தபட்சமாகச் சொல்வதையே வழக்கமாகக் கொள்வது எவ்வளவு நட்டம் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. உண்மையில் வெட்டு நிகழும் கோடு துளை விளிம்பிலிருந்தும் தொடங்குவதில்லை, துளை மையத்திலிருந்தும் தொடங்குவதில்லை. இரண்டுக்கும் நடுவே அமைகிறது என்று ஆஸ்திரேலியாவின் உல்லங்காங் பல்கலைக்கழகத்தில் லிப் டே குழுவினர் காட்டினர். அந்தக் கோட்டைக் கொண்டு கணக்கிட்டால் 8.5 என்பது 10.9 கிலோநியூட்டன் ஆகும். பல போல்ட்டுகள் கூட்டமாக உள்ள இடத்தில் ஒரு தொகுதித் தகடு மொத்தமாகப் பிய்ந்து வருவதுண்டு. அதைக் கணிக்கவும் இதே கோடு பயன்படுகிறது.

துளை நசிவுதான் இந்தத் துறையின் மையச் சிக்கல். கனத்த தகட்டில் போல்ட்டின் தண்டு துளைச் சுவரை அழுத்தும்போது எஃகு மூன்று பக்கமும் அடைபட்டு நிற்கிறது. அதனால் தன் சாதாரண இழுவலிமையைப்போல் மூன்று மடங்குவரை அழுத்தத்தை அது தாங்குகிறது. மெல்லிய தகட்டில் இந்த அடைப்பு இல்லை. அழுத்தப்பட்ட எஃகு தகட்டின் தளத்தை விட்டு மேலும் கீழும் புடைத்து மடிகிறது. தகடு எவ்வளவு மெல்லியதோ, அதோடு ஒப்பிடப் போல்ட் எவ்வளவு பருமனோ, அவ்வளவு விரைவில் மடிகிறது. எனவே முக்கியமானது தடிமன் தனியாக அல்ல, விட்டத்துக்கும் தடிமனுக்கும் உள்ள விகிதம். 2001-ல் அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றுக்கும் பொதுவாக வெளிவந்த விதிமுறை இதை வெளிப்படையாக ஏற்றது. விகிதம் 10-க்குக் குறைவாக இருந்தால், விட்டம் × தடிமன் × உச்ச இழுவலிமை என்பதைப் பெருக்கும் எண், அதாவது பெருக்கெண், 3.0. 10 முதல் 22 வரை, 4-லிருந்து விகிதத்தின் பத்தில் ஒரு பங்கைக் கழித்து வருவது. 22-ஐத் தாண்டினால் 1.8.

இதன் நடைமுறை விளைவு பலருக்கு வியப்பளிக்கும். 1 மி.மீ. தகட்டில் 12 மி.மீ. போல்ட் போட்டால் பெருக்கெண் 2.8, தாங்குதிறன் 13.8 கிலோநியூட்டன். அதற்குப் பதில் 16 மி.மீ. போல்ட் போட்டால் விகிதம் 16 ஆகி, பெருக்கெண் 2.4-க்கு இறங்கி, தாங்குதிறன் 15.7 ஆகிறது. போல்ட் மூன்றில் ஒரு பங்கு பருத்தது. வலிமை ஏழில் ஒரு பங்குதான் கூடியது. பெரிய துளையால் தகட்டின் குறுக்குவெட்டு குறைந்ததைக் கணக்கில் கொண்டால் அந்த ஆதாயமும் சில இடங்களில் கரைந்துவிடும். பலம் போதவில்லை என்றால் போல்ட்டைப் பருமனாக்குவது என்ற பட்டறை உள்ளுணர்வு மெல்லிய தகட்டில் எடுபடாது. ஒன்றுக்கு இரண்டு சிறு போல்ட்டுகள் போடுவதே பலன் தரும்.

இதைவிட மலிவான மருந்து வாஷர். இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஒரே போல்ட்டால் இணைந்திருந்தால், இரண்டிலும் விசை ஒரே நேர்கோட்டில் செல்வதில்லை. தகட்டின் தடிமன் அளவுக்கு விலகல் உண்டு. அந்த விலகலால் போல்ட் சாய்கிறது, தகட்டின் முனை மேல்நோக்கிச் சுருள்கிறது, போல்ட் தலையின் ஓரம் தகட்டைக் குத்துகிறது. தலைக்கும் நட்டுக்கும் அடியில் வாஷர் இருந்தால் அது தகட்டைத் தட்டையாகப் பிடித்து, மடிப்பைத் தள்ளிப்போடுகிறது. வட அமெரிக்க விதி இதற்கு எண் மதிப்பே தருகிறது: இருபுறமும் வாஷர் இருந்தால் 1.00, ஒரு புறம் மட்டும் இருந்தாலோ இரண்டும் இல்லாவிட்டாலோ 0.75. இரண்டு வெளித்தகடுகளுக்கு நடுவே செருகிய உள்தகட்டுக்கு, அது எப்பக்கமும் மடிய முடியாததால், 1.33. நம் 1.5 மி.மீ. தகட்டில் வாஷர்களோடு 22.1 கிலோநியூட்டன், இல்லாமல் 16.6. நான்கில் ஒரு பங்கு வலிமை, கைநிறைய அள்ளிக்கொள்ளும் இரண்டு வட்டத் தகடுகளில் அடங்கியிருக்கிறது.

இந்த 22.1 என்பதும் முழு உண்மை அல்ல. அந்த விசையை எட்டும்போது துளை பல மில்லிமீட்டர் நீண்டிருக்கும். இணைப்பு அறாமல் இருக்கலாம். ஆனால் கட்டடம் அதற்குள் கோணலாகியிருக்கும். எனவே துளையின் நீட்சிக்கு 6.35 மி.மீ., அதாவது கால் அங்குலம் என எல்லை வைத்து இன்னொரு சூத்திரமும் விதிமுறையில் உண்டு. அதன்படி அதே இணைப்புக்கு 13.3 கிலோநியூட்டன்தான் கிடைக்கிறது. எந்தச் சூத்திரத்தை எடுப்பது என்பதை வடிவமைப்பாளர்தான் தீர்மானிக்க வேண்டும். ஒரு கூரைத் தகட்டின் ஓரத்தில் சில மில்லிமீட்டர் நகர்வால் கேடில்லை. மூலைவிட்டக் கம்பியின் முனையில் அதே நகர்வு நேர்ந்தால் சட்டம் முழுவதும் சாயும்.

குறுக்குக் கிழிசலில்தான் மேலே சொன்ன அடையாளப் பிழை நேர்ந்தது. துளை போக எஞ்சிய அகலத்தைத் தடிமனாலும் உச்ச இழுவலிமையாலும் பெருக்கினால் கிழிசல் வலிமை கிடைக்க வேண்டும். ஆனால் ஒற்றைப் போல்ட் கொண்ட அகலமான தகடுகள் சோதனையில் அந்த அளவை எட்டவே இல்லை. துளையின் ஓரத்தில் தகைவு குவிவதால் முழு அகலமும் ஒன்றாக வேலை செய்யவில்லை என்று காரணம் கூறி, வலிமையைக் குறைக்கும் காரணி ஒன்றைச் சேர்த்தார்கள். ஐரோப்பியக் குளிர்முறை எஃகு விதியில் அது துளை விட்டத்துக்கும் தகட்டு அகலத்துக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது. 13 மி.மீ. துளையும் 50 மி.மீ. அகலமும் கொண்ட 1.5 மி.மீ. தகட்டுக்கு அந்தக் காரணி 0.88, வலிமை 20 கிலோநியூட்டன். அகலத்தை 100 மி.மீ. ஆக்கினால் காரணி 0.49-க்கு விழுகிறது, வலிமை ஏறத்தாழ 26-தான். இருமடங்கு எஃகு போட்டும் கூடும் வலிமை மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவே என்பது அந்தக் கணக்கு.

இதை மறுத்தவர்கள் சிட்னி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காலின் ரோஜர்ஸும் கிரிகரி ஹான்காக்கும். 1990-களின் பிற்பாதியில் 1 மி.மீ. அளவிலும் அதற்குக் கீழும் உள்ள தகடுகளை வைத்து அவர்கள் செய்த சோதனைகளில், குறுக்கே கிழிந்ததாகக் கணக்கெழுதப்படும் துண்டுகள் பலவும் முதலில் துளை நசிந்தவை என்று தெரிந்தது. துளை நீண்டு, எஃகு மடிந்து குவிந்து, விசை உச்சத்தைத் தொட்டு இறங்கிய பிறகே ஓரத்தில் கிழிசல் தொடங்கியது. உச்ச விசையைத் தீர்மானித்தது நசிவு. கிழிசல் அதன் பின்விளைவு. பின்னர் முன்சொன்ன லிப் டேயும் அவருடைய சக ஆய்வாளர் கில்பர்ட்டும் 2012-ல் வெளியிட்ட ஆய்வில் உண்மையாகவே குறுக்கே கிழிந்த துண்டுகளை மட்டும் தனியே பிரித்துப் பார்த்தார்கள். தேவைப்பட்ட குறைப்பு பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே இருந்தது. அவர்களின் கணக்கில் 50 மி.மீ. தகட்டின் கிழிசல் வலிமை 21, 100 மி.மீ. தகட்டினுடையது ஏறத்தாழ 49 கிலோநியூட்டன். அகலமான தகடு 22-ல் தோற்பது கிழிசலால் அல்ல, நசிவால்.

முடிவில் எண் ஏறத்தாழ அதுவே வருகிறதென்றால் பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். பெயரைப் பொறுத்துத்தான் மருந்து மாறுகிறது. கிழிசல் என்று நினைப்பவர் தகட்டை அகலமாக்குவார், பயன் இராது. நசிவு என்று அறிந்தவர் வாஷர் சேர்ப்பார், அல்லது விசையின் திசையில் இன்னொரு போல்ட்டைச் சேர்ப்பார். இணைப்பு உடனே வலுவாகும். போல்ட்டுகள் விசையின் திசையில் வரிசையாகப் பெருகும்போது ஒவ்வொன்றின் அழுத்தமும் குறைந்து, நசிவு விலகி, அப்போதுதான் குறுக்குக் கிழிசல் உண்மையான அபாயமாகிறது.

எல் வடிவக் கோணத்தையோ சி வடிவச் சட்டத்தையோ ஒரு பக்கத்தை மட்டும் பிடித்து இணைத்தால் இன்னொரு குறைவு சேரும். போல்ட் இல்லாத பக்கம் விசையை முழுதாக வாங்கிக்கொள்ளச் சிறிது நீளம் வேண்டும். வட அமெரிக்க விதிமுறையில் நெடுங்காலம் இருந்த சூத்திரம் கோணத்துக்கு இதை எளிதாகச் சொல்கிறது: இணைப்புத் தளத்திலிருந்து குறுக்குவெட்டின் மையம் எவ்வளவு விலகியிருக்கிறதோ அதை முதல் போல்ட்டுக்கும் கடைசிப் போல்ட்டுக்கும் இடையிலான தூரத்தால் வகுத்து, 1.2-ஆல் பெருக்கி, ஒன்றிலிருந்து கழிக்க வேண்டும். விலகல் 15 மி.மீ., போல்ட் தூரம் 50 மி.மீ. என்றால் 0.64 பங்குதான் பயன்படும். தூரத்தை 100 ஆக்கினால் 0.82. போல்ட்டுகளை நெருக்கி வைப்பதைவிடத் தள்ளி வைப்பது இங்கே நல்லது.

எஃகின் குணமும் கணக்கில் வரும். போல்ட் இணைப்பு நம்பியிருப்பது எஃகின் நீட்சித்தன்மையை. துளையின் ஓரத்தில் குவியும் தகைவு, எஃகு சற்று நீண்டு கொடுத்தால்தான் பரவும். பல போல்ட்டுகளில் ஒன்று மட்டும் முதலில் சுமையேற்றால், அதன் துளை நீண்டால்தான் மற்றவை பங்கேற்கும். இதனால் உச்ச இழுவலிமை இளகு வலிமையைப்போல் குறைந்தது 1.08 மடங்கு இருக்க வேண்டும், 50 மி.மீ. அளவுநீளத்தில் 10 விழுக்காடு நீட்சி வேண்டும் என்று அமெரிக்க விதி கேட்கிறது. ஆஸ்திரேலியாவில் பெருவழக்கான ஜி550 தகடு, குளிர்நிலையில் அழுத்தி மெலிதாக்கப்பட்ட பின் முழுதாகப் பதப்படுத்தப்படாதது. இளகு வலிமை 550 மெகாபாஸ்கல், நீட்சியோ மிகச் சொற்பம். மிக மெல்லிய ஜி550-க்கு வலிமையின் 75 விழுக்காட்டையே கணக்கில் எடுக்க வேண்டும் என்று விதி நெடுங்காலம் கட்டுப்படுத்தியது. ரோஜர்ஸ், ஹான்காக் சோதனைகளின் தொடக்கக் கேள்வியே இந்தக் கட்டுப்பாடு தேவைதானா என்பதுதான்.

போல்ட்டை இறுக்கமாக முடுக்கி, தகடுகளுக்கிடையே உராய்வை உண்டாக்கி விசையைக் கடத்தலாம் என்ற எண்ணமும் உண்டு. கனத்த எஃகுப் பாலங்களில் அது சிறந்த முறை. துத்தநாகம் பூசிய மெல்லிய தகட்டில் அதை நம்பக்கூடாது. ஐஎஸ் 800 சூடாகத் துத்தநாகம் தோய்த்த பரப்புக்குத் தரும் உராய்வு எண் 0.10, இரும்புக் குண்டு அல்லது பரல் வீச்சால் சொரசொரப்பாக்கிய வெறும் பரப்புக்கு 0.50. ஆகவே இந்த இணைப்புகள் வழுக்கும். துளையில் விடப்படும் இடைவெளி முழுவதும் நகர்வாக மாறும். 200 மி.மீ. தள்ளி அமைந்த இரண்டு போல்ட்டுகளில் ஒன்று மேலாகவும் மற்றது கீழாகவும் 1 மி.மீ. வழுக்கினால் இணைப்பு 0.01 ரேடியன் திரும்பும்; 6 மீட்டர் தொலைவில் அது 60 மி.மீ. இறக்கம். முதுகோடு முதுகு சேர்த்த சி சட்டங்களால் ஆன கூரைச் சட்டகங்களில் லிம், நெதர்காட் ஆகியோர் இங்கிலாந்தில் செய்த ஆய்வுகளும், சுங், லாவ் ஆகியோர் ஹாங்காங்கில் செய்தவையும் இத்தகைய இணைப்புகளை முழு விறைப்பானவை என்று கொள்ளக்கூடாது என்று நிறுவின. துளைகள் நீள்வதால் மூலை நெகிழ்கிறது. போல்ட் கூட்டத்தின் நீளம் குறைவாக இருந்தால் சட்டத்தின் நடுத்தகடும் முன்கூட்டியே வளைந்துபோகிறது.

திரும்பத் திரும்ப வரும் சுமை வேறொரு கதை. 1974 டிசம்பர் 25 அன்று ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரைத் தாக்கிய டிரேசி புயலில் கூரைகள் பெருமளவில் பறந்தன. ஒரே அடியில் அல்ல. வீசி ஓய்ந்து மீண்டும் வீசிய காற்றில், பிடிப்பான்களின் தலையைச் சுற்றி மெல்லிய தகட்டில் விரிசல் விழுந்து, தகடு தலைவழியே உருவிக்கொண்டு போனது. அங்கிருந்தவை திருகாணிகள், போல்ட்டுகள் அல்ல. ஆனாலும் துளையைச் சுற்றிய மெல்லிய எஃகுதான் பலவீனமான கண்ணி என்பதில் வேறுபாடில்லை. கூரைத் தகடுகளுக்கு மீள்சுமைச் சோதனை வந்தது அதன் பிறகுதான்.

கணக்கில் எழுதும் தடிமன் எது என்பதிலும் தவறு நேர்கிறது. ஒரு சதுர மீட்டருக்கு 275 கிராம் துத்தநாகம் என்றால் இருபுறமும் சேர்த்து அதன் பருமன் ஏறத்தாழ 0.04 மி.மீ. அளவுகோலில் 1.5 காட்டும் தகட்டில் எஃகு 1.46-தான். இது சிறிது என்று விடலாம், 0.55 மி.மீ. தகட்டில் அது 7 விழுக்காடு. துத்தநாகம் துருவைத் தடுக்கும், சுமையைத் தாங்காது. பர்லின்களைத் தளத்தில் பொருத்த வசதியாக நீள்துளை போடும் வழக்கமும் தாங்குதிறனைக் குறைக்கிறது. விதிமுறைகள் அதற்குத் தனிக் குறைப்பு வைத்திருக்கின்றன.

இந்தியாவில் இத்தகைய கட்டுமானத்துக்கு உரிய ஐஎஸ் 801 வெளிவந்தது 1975-ல். அனுமதிக்கப்பட்ட தகைவு என்ற பழைய முறையில் எழுதப்பட்ட அது, ரோஜர்ஸ், ஹான்காக், டே ஆகியோரின் முடிவுகளுக்கு இருபது ஆண்டுகளுக்கும் மேல் முந்தியது. ஐஎஸ் 800:2007-ன் போல்ட் சூத்திரத்தை மெல்லிய தகட்டுக்கு அப்படியே எடுத்தாள்வதும் சரியல்ல. விட்டத்துக்கும் தடிமனுக்கும் உள்ள விகிதம் அதில் இடம்பெறவில்லை. வாஷர் உண்டா இல்லையா என்பதையும் அது கேட்பதில்லை. 1 மி.மீ. தகட்டில் 16 மி.மீ. போல்ட்டை வாஷர் இன்றிப் போட்டால் ஐஎஸ் 800 தரும் பெருக்கெண் 2.5, வட அமெரிக்க விதி தருவது 2.4-ல் முக்கால் பங்கு, அதாவது 1.8. வரைபடத்தில் வாஷர் குறிக்கப்படாத இணைப்பு எதையும் வாஷர் இல்லாததாகவே கணக்கிட வேண்டும்.